மட்டை தெரியாத ஆட்டம்

"என் கண்ணு அவிஞ்சு போச்சுன்னா சொல்ற? உன் தாடியில ஒட்டியிருக்கிற முட்டைகூட எனக்குத் தெரியுது!"ன்னு வெடிச்சா ப்ரோனியா. வரிசையில இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் மைக்ராஸ்கோப்ப விட்டுத் தலையத் தூக்கிட்டாங்க.

மேஸ்திரி லெஸ்டரு தாடியத் தொடச்சுக்கிட்டான். "வந்து பாத்துட்டுத் திட்டுங்க ப்ரோனியாம்மா. நீங்க ஒட்டுன சிப்பு பழுதாகி வந்திருக்கு. கண்ணு சரியில்லாதவங்கள பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

பேக்கிங்னா அட்டப்பொட்டி மடிக்கிறது. புருஷன் காசிமிரப் புதைச்சு ரெண்டு வாரந்தான் ஆச்சு. வீட்டுல பேச ஆளில்ல. அவளுக்கு மிச்சம் இருந்தது மைக்ராஸ்கோப்பு முன்னாடி கெடக்குற அந்த ஸ்டூல் ஒண்ணுதான்.

எழுபத்தாறாம் வருசம் அது. ஹிக்ஸ்வில் ஃபேக்டரியில ராப்பகலா ஒரே சிப்புதான், டிவியில டென்னிஸ் ஆடுற பொட்டிக்குள்ள வெக்கிறது. நகக்கண்ணு அளவுதான் இருக்கும். அதச் சுத்தி முடியவிட மெலிசா தங்கக் கம்பி ஒட்டணும். பந்தக் காட்ட ஒரு கம்பி, இந்தப் பக்கத்து மட்டையக் காட்ட ஒண்ணு, அந்தப் பக்கத்து மட்டைக்கு ஒண்ணு.

சோதன மேசையில அந்தப் பழுதான சிப்ப மாட்டியிருந்தாங்க. மட்டைய ஏத்தி எறக்க ஆளுக்கொரு குமிழு. எதிராளி குமிழ நடுவுல வெச்சுட்டு, ப்ரோனியா தன் குமிழத் திருகுனா. பந்து போச்சு. அந்தப் பக்கம் மட்டையே இல்ல. ஆனா பந்து வெறும் இருட்டுல மோதித் திரும்பி வந்துச்சு. மறுபடி அடிச்சா. மறுபடி வந்துச்சு.

"போதும்மா"ன்னான் லெஸ்டரு.

"சும்மா இருடா."

அப்புறம் லெஸ்டரு சிப்போட மூடிய நெம்பி மைக்ராஸ்கோப்புல வெச்சான். எல்லாக் கம்பியும் ஒழுங்கா இருந்துச்சு, ஒண்ணத் தவிர. அந்தப் பக்கத்து மட்டைக்கான கம்பி ஒட்டவே இல்ல.

"கடேசிக் கம்பி"ன்னா ப்ரோனியா. கொரலு எறங்கிருச்சு. எப்பவும் ஒரே மூலையில தொடங்கி அந்தக் கம்பியில வந்துதான் முடிப்பா. முடிக்காம எந்திரிச்சதே இல்ல, ஒரு தடவ தவிர. "நீதானப்பா வந்து தோளத் தொட்ட. ஆஸ்பத்திரியில இருந்து போனுன்னு."

லெஸ்டரு சிப்ப மைக்ராஸ்கோப்புல இருந்து எடுத்தான். "முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு அந்தச் சிப்புத் தட்ட நாந்தாம்மா அனுப்புனேன். போயி உங்க ஸ்டூல்ல உக்காருங்க."

"இந்தச் சிப்ப எனக்குக் குடு."

"பழுதானத நொறுக்கியாகணும். குடுத்தா என் வேல போயிரும்."

அவ கண்ணு முன்னாடியே சுத்தியல் எறங்குச்சு.

சனிக்கெழம கடைக்குப் போயி ஒரு டென்னிஸ் பொட்டி வாங்கியாந்தா. ஒரு குமிழ காசிமிர் நாற்காலிக் கையில வெச்சா. டிவியில ரெண்டு மட்டையும் பளிச்சுன்னு வந்துச்சு. எதிர் மட்ட நட்டுவெச்ச கம்பம் மாதிரி நின்னுச்சு. பந்து அதுல பட்டுத் திரும்பத்தான் செஞ்சுது. ஆனா மட்ட தெரியாதப்ப யாரோ ஆடுறாப்ல இருந்துச்சு. தெரிஞ்சதும் அங்க யாருமில்லன்னு ஆயிருச்சு.

ஒயரச் சுருட்டி உள்ள வெச்சுட்டா. திங்கக்கெழம போயி அதே சிப்புக்குக் கம்பி ஒட்டுனா, கடேசிக் கம்பி வரைக்கும்.

அப்புறம் தொறக்கவே தொறக்காத அந்தப் பொட்டி வெல எழுபத்தொம்பது டாலரு.