மைதானத்துக்கு முதுகு காட்டுபவர்

டி.வி. பக்கம் முதுகைத் திருப்பி, இரண்டு காதுகளிலும் ஆள்காட்டி விரல்களைச் செருகிக்கொண்டு, சமையலறை வாசலில் நிற்கிறார் பல்காரர். எதிரே அவர் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். வெளியூரில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்திருக்கிறது. மற்ற ரசிகர்களெல்லாம் பந்தைப் பார்க்கும் நேரத்தில் இவர் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன ஆச்சு?” என்கிறார், காதை அடைத்துக்கொண்டவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

அவள் பதில் சொல்வதில்லை. சொன்னாலும் கேட்காது.

“கொஞ்சம் நிமிந்து டி.வி.யப் பாரேன். உன் வாயப் பாத்துதானே எனக்குத் தெரியணும்?”

அவள் நிமிராமலே கையிலிருந்த கத்தியால் டி.வி.யைக் காட்டுகிறாள், வேண்டுமானால் நீங்களே பாருங்கள் என்கிற அர்த்தத்தில். கத்தியைக் கண்டதும் எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டி, அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். பந்து வெளியே போய் வெகு நேரமாகிவிட்டது.

ஆபத்து என்றால்தான் இந்தக் கூத்து. மற்ற நேரத்தில் எல்லோரையும்போல ஒழுங்காகத்தான் ஆட்டம் பார்ப்பார். எதிரணி பந்தோடு கோலை நெருங்கினாலோ, கார்னரோ பெனால்டியோ வாங்கினாலோ போதும், புறமுதுகு காட்டிவிடுவார். தான் பார்த்தால் கோல் விழும் என்று நம்புகிறார். பார்க்காவிட்டாலும்தான் விழுகிறதே என்று மனைவி கேட்டுவிட்டாள், ஒரு முறை அல்ல, பல முறை. “நான் பாத்திருந்தா இன்னும் ரெண்டு விழுந்திருக்கும்” என்பதுதான் பதில். இப்படிப்பட்ட ஆளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாரம் தவறாமல் கோல் வாங்கும் டீம் அது. ஆனால் அது கோல் வாங்கியதை இவர் கண்ணால் கண்டதே கிடையாது. அதனால் கோல்கீப்பரை யாராவது குறை சொன்னால் இவருக்குப் பொத்துக்கொண்டு வரும். “சும்மா சொல்லாதீங்க. நான் பாத்த வரைக்கும் அவன் ஒரு பந்தக்கூட விட்டதில்ல” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தொழில், பொய்ப்பல் செய்வது. ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து செய்கிறார். அலமாரி முழுக்க பிளாஸ்டர் அச்சுகள் வாயைத் திறந்துகொண்டிருக்கும். மேஜையில் இளஞ்சிவப்பு மெழுகு, அதை உருக்க ஒரு சின்ன விளக்கு, நிறம் பார்க்க விசிறிபோல விரியும் மாதிரிப் பற்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் வெள்ளைத் தூள் ஒட்டியே இருக்கும். “கண்ணப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. வாயக் காட்டு, உன் கதையச் சொல்றேன்” என்று பீற்றிக்கொள்வார். வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் டீம் தோற்றதற்கு அடுத்த வேலை நாளில் அவர் ராவிய பற்கள் கடிக்கும்போது இடிக்கின்றன என்று நோயாளிகள் திரும்பி வந்தார்கள். டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: “தோத்தா தோத்துட்டோம்னு சொல்லிடுங்க. அன்னைக்கு உங்களுக்கு அச்சு எடுக்கற வேலை மட்டும் தர்றேன்.” அந்த வருஷம் அவர் பெரும்பாலும் அச்சுதான் எடுத்தார்.

மைதானத்தில் இவருக்கு மேல்வரிசையில் ஒரு நிரந்தர இருக்கை உண்டு. அதற்கு நேர் பின்னால் டயர் கடைக்காரர் ஒருவர் உட்காருவார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். ஆபத்து வந்தால் பல்காரர் திரும்பி அந்த வாயைப் பார்ப்பார். பந்து தப்பினால் அது ஆவென்று திறக்கும். கோல் விழுந்தால் ஆணி குத்திய டயர் மாதிரி மெல்ல மெல்லச் சப்பிப்போகும். இருவரும் வருஷக்கணக்காக இப்படியே எதிரும் புதிருமாக ஆட்டம் பார்த்து வந்தார்கள். டயர் கடைக்காரர் வராத ஒரு வாரம், அந்த இடத்தில் சூயிங்கம் மெல்லும் ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான். வாய் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்ததில் கோலா இல்லையா என்று கடைசிவரை விளங்கவில்லை. இவரும் கடைசிவரை மைதானத்தின் பக்கம் திரும்பவில்லை.

மனைவிக்கு இதிலெல்லாம் சிரிக்க ஒன்றும் இல்லை. அவள் ஒரு கண் மருத்துவமனையின் பதிவுக் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி உண்டு. இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுமுறை சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒன்றையும் பதினோரு தடியன்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவள் வயிற்றெரிச்சல். உள்ளூரில் ஆட்டம் என்றால் ஆளே வீட்டில் இல்லை. வெளியூரில் ஆட்டம் என்றால் ஆள் வீட்டில் இருந்து உயிரை வாங்குகிறார். எது தேவலை என்று அவளால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

அவள் மேல் அவருக்கும் ஒரு குறை உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு மேல்வரிசையில் ஓரப் பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரித்தால் தெரிகிற இடம். அன்றிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள். அவர் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நிறம் பிடிக்காமல் சூளையில் திரும்பத் திரும்பச் சுட்டு, ஒரு பல்லைச் செய்தார். டாக்டர் அதைப் பொருத்தினார். பல் வந்த பிறகும் கை போகவில்லை. “நான் செஞ்சதுலயே அதான் நல்ல பல்லு. போட்ட அன்னைக்குப் பாத்ததோட சரி” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார். கூடப்பிறந்த பல்லைப்போல அதை நம்பிச் சிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் விஷயம் முற்றியதற்குக் காரணம் பேத்தி. மகள் ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறாள். குழந்தை பிறந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு போனில்தான் எல்லாம். குப்புற விழுந்ததும் போனில், தவழ்ந்ததும் போனில். ஒரு நாள் மகள் போனைத் திருப்பிக் காட்டினாள். குழந்தை ஒரு ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றது. பாட்டியைப் பார்த்து ஒரு கையை விட்டது, உடனே பொத்தென்று உட்கார்ந்தது. அவளுக்குத் தாங்கவில்லை.

போனை வைக்காமலே அவரைப் பிடித்துக்கொண்டாள். “எல்லா டீமுக்கும் கீழ உங்க பசங்கதான் நிக்கறாங்க. கடைசியில நிக்கறவங்களக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிடுவாங்களாமே. அப்படித் தள்ளிட்டா அந்த சீட்டை விட்டுடணும். சனிக்கிழமையானா ரயிலேறி பாப்பாவப் பாக்கப் போறோம். சரியா?”

முடியாது என்று சொன்னால், தள்ளப்படுவார்கள் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தன் டீமுக்குத் தன் வாயாலேயே கெடுதல் சொல்வதா?

“இறங்கினாத்தானே? சரி, பாக்கலாம்.”

“பாக்கலாம் இல்ல. சரியா?”

“சரி.”

“நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்ப்பா” என்றாள் மகள் போனில்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புள்ளிப் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது அவரல்ல, அவள். பேப்பர் வந்ததும் கடைசிப் பக்கம். கவுண்டரில் ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில் போன். எந்த டீம் ஜெயித்தால் இவர்கள் இறங்குவார்கள், எது தோற்றால் தப்பிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று. பீன்ஸ் நறுக்குகிற சாக்கில் ஓரக்கண்ணால் டி.வி.யையும் பார்த்துவிடுவாள். அவர் இத்தனை வருஷமாகக் கவனிக்காத ஒன்றை அப்படித்தான் கண்டுபிடித்தாள். பெனால்டி என்றால் அந்தக் கோல்கீப்பர் எப்போதும் இடப்பக்கமாகத்தான் பாய்வான். பந்து எந்தப் பக்கம் போனாலும் சரி, இவன் இடப்பக்கம். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவருக்கு இது எப்படித் தெரியும்? அவளும் சொல்லவில்லை. தோற்கவேண்டிய டீமின் ரகசியத்தை எதற்கு வெளியே விடுவது?

கடைசி ஆட்டம் உள்ளூரில் வந்தது. டிரா செய்தாலே தப்பித்துவிடலாம். தோற்றால் கீழே. அதற்கு முந்தின நாள் டயர் கடைக்காரர் போன் செய்தார். இரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறதாம், மைதானத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

பல்காரர் சமையலறைக்கு வந்து, ஒரு டம்ளரை எடுத்து, காரணமில்லாமல் கழுவி, திரும்ப வைத்தார். “நாளைக்கு நீ வர்றியா?”

“எங்க?”

“டயர் கடை அண்ணன் சீட்ல உக்காரணும். அவ்வளவுதான். ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

கல்யாணமான நாளாக அவள் அந்த மைதானத்தை மிதித்ததில்லை. ஆனால் அந்த டீம் கவிழ்வதைக் கண்ணாரப் பார்த்துவிட்டால் இத்தனை வருஷத்து ஆத்திரமும் தீரும் என்று தோன்றியது. வருகிறேன் என்றாள். பாவம், அவர் முகம் மலர்ந்துபோனது.

இரும்புப் படிகளில் மூச்சு வாங்க ஏறிப் போனால் இருக்கை ஈரமாக இருந்தது. அவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தன் பச்சை மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளுக்கு நேர் முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்தார். உடனே திரும்பினார்.

“நீ பந்தைப் பாரு. என்னைப் பாக்காத. வாய மட்டும் கையால மூடிடாத.”

“நான் என்ன உங்க பேஷன்ட்டா?”

“கொஞ்சம் சொன்னதக் கேளேன்.”

“திரும்பி உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எதிரணிக்குக் கார்னர். அவர் சட்டென்று எழுந்து திரும்பி விரல்களைக் காதில் செருகினார். அவள் கை தன்னால் வாய்க்குப் போயிற்று. பந்து உள்ளே விழுந்தது. “கைய எடு, கைய எடு” என்று அவர் கத்தினார். அவள் எடுக்கவில்லை. கைக்குப் பின்னால் இருந்தது சிரிப்பு. சுற்றியிருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. திரும்பி உட்கார்ந்தார். பின்கழுத்தில், மஃப்ளருக்கு மேலே, முடிவெட்டுகிறவன் விட்டுவிட்ட நாலு வெள்ளை மயிர் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

இடைவேளைக்குப் பிறகு, யாரோ அடித்த பந்து யாருடைய காலிலோ பட்டுத் திரும்பி எதிரணிக் கோலுக்குள் போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. அவர் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கைகொடுத்தார். அவளுக்கும் கொடுத்தார். வேண்டா வெறுப்பாக அவளும் கையை நீட்டினாள்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் பெனால்டி. எதிரணிக்கு.

அவர் திரும்பினார். காதில் விரல். கண்கள் அவள் வாயின் மேல். மைதானம் முழுக்கச் சத்தம் அடங்கியிருந்தது. அவள் முன்னிருக்கையின் முதுகைக் கையிரண்டாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் பாய், எப்போதும்போல இடது பக்கமே போய் விழு என்று மனசுக்குள் சொன்னாள். ரயிலின் ஜன்னலோர இருக்கை தெரிந்தது. ஸ்டூல் காலை விட்டுவிட்டு அவளை நோக்கி ஓரடி வைக்கும் குழந்தை தெரிந்தது. எதிரணிக்காரன் ஓடி வந்து கோல்கீப்பருக்கு வலப்பக்கமாக உதைத்தான்.

கோல்கீப்பர் வலப்பக்கம் பாய்ந்தான்.

பந்து அவன் உள்ளங்கையில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போயிற்று. பக்கத்தில் யாரோ பெரிதாகக் கத்தினார்கள். அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரியவே சற்று நேரம் ஆனது. வாய் தொண்டைவரை திறந்திருந்தது.

நாற்புறமும் ஜனங்கள் குதித்தார்கள். அவர் மட்டும் காதிலிருந்து விரலை எடுக்காமல், மைதானத்தின் பக்கம் திரும்பாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்வை மேல்வரிசையின் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

“கலர் நல்லா ஒட்டியிருக்கு” என்றார், நாலு வரிசைக்குக் கேட்கும்படி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்னும் ஒரு வருஷம். இன்னும் ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள் அத்தனையும் அந்தத் தடியன்களுக்கு. பாவிப் பயல், இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்குத்தானா வலப்பக்கம் பாயவேண்டும்? அழுகையும் கோபமுமாக வந்தது. வழக்கம்போல வாயை மூடப் போன அவள் கை, பாதி வழியில் திசைமாறி, அவருடைய காதிலிருந்த விரலைப் பிடித்து வெளியே இழுத்தது.