நாலாம் பக்கத்தில் மூழ்கிய ஊர்

திங்கட்கிழமை காலை. மயிலாப்பூர் மாடவீதியில், மாடியில் இருக்கும் எங்கள் சின்னப் பொறியியல் அலுவலகத்துக்கு ஒரு போன்.

"சார், எங்க ஊரு எத்தினி அடி முழுகும்?"

ராங் நம்பர் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. பேசியவர் ஓர் ஊராட்சித் தலைவி. அவர் ஊரையும் சேர்த்து ஏழு கிராமங்களுக்காக ஒரு நீர்த்தேக்கம் வரப்போகிறது. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீரை அப்படியே பிடித்துத் தேக்கி, கோடையில் சுத்திகரித்துக் குழாயில் விடும் திட்டம். அதைக் கட்டக் கடன். கடன் கிடைக்க ஏழு கிராம சபைகளும் தீர்மானம் போட வேண்டும். அவர்கள் படிப்பதற்காகக் கடன் விவரத்தைத் தமிழில் எழுதிக்கொடுத்தவன் அடியேன்.

"முழுகாதும்மா. யார் சொன்னது?"

"நீங்கதான் சார் எழுதிக்கீறீங்க. நாலாம் பக்கம், கொட்ட எழுத்துல, 'மூழ்கும் நிதி'ன்னு. நிதியே முழுகும்னா ஊரு முழுகாதா?"

ஆங்கிலத்தில் அது 'சிங்க்கிங் ஃபண்ட்'. அகராதியைப் புரட்டி, வார்த்தைக்கு வார்த்தை வைத்து, என் முதுகை நானே தட்டிக்கொண்ட இடம் அது.

"பேருதாம்மா அப்படி. முழுகினாலும் பணம்தான் முழுகும், ஊரு முழுகாது."

"அய்யோ, பணம் வேற முழுகுமா?" என்று பதறினார். ஆறுதல் சொல்வதில் எனக்கு எப்போதுமே இந்தக் கைராசி உண்டு.

"நாளைக்கு சபை சார். மத்த ஆறு ஊரும் போட்டுட்டாங்க. எங்க ஊரு போடலன்னா யாருக்கும் கடன் இல்லையாம். லாரி நாலு நாளைக்கு ஒருதபா வருது. பொம்பளைங்க கொடத்தோட நின்னுக்கினு கீறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

ஆறு ஊர்களில் ஒருவரும் நாலாம் பக்கம் வரை போகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. என் எழுத்துக்கு வாய்த்த ஒரே வாசகி இவர்.

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் பசிக்கும். கீழே கடையில் இரண்டு மெதுவடை வாங்கித் தின்றேன். தின்னும்போதே ஏழு ஊரும் குடத்தோடு என்னைப் பார்ப்பதுபோல் தோன்றி, விக்கியது. தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது.

எங்கள் பொறியாளர் மேடம் அன்று அடையாறில், கடன் ஆலோசகர் அலுவலகத்தில் இருந்தார். "புதுப் பக்கம் எழுதி எடுத்துட்டு வாங்க, இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம்" என்றார். பக்கம் இருந்தது. வார்த்தைதான் இல்லை. ஆட்டோவில் ஏறியதும் போனில் கத்தினேன்:

"மேடம், மூழ்குற நிதிக்கு வேற என்னதான் பண்றது?"

மந்தைவெளியில் ஆட்டோ குலுங்கி நின்றது.

"எந்த நிதி சார் முழுகுது? மாடவீதி பக்கமா? நம்ம மச்சான் அங்கதான் பணம் போட்டுக்கினு கீறான்!"

மயிலாப்பூரில் நிதி என்றால் சேமிப்புப் பணம் போடும் இடம். டிரைவர் மச்சானுக்கு நம்பர் அழுத்தத் தொடங்கிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் ஓர் ஊரை மூழ்கடித்தது போதாதா?

"ஐயோ, அது இல்லப்பா. பெரிய கடன் ஒண்ணு வாங்குறாங்க. கடைசியில மொத்தமா கட்டணும். அதுக்காக வருசா வருசம் கொஞ்சம் எடுத்து வெச்சு, தொடாம இருக்கணும். அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் திகைத்துப்போனேன். அதன் பொருள் எனக்கே அப்போதுதான் பிடிபட்டது.

"உண்டின்னு சொல்லேன் நைனா. வூட்ல சம்சாரம் ஸ்கூல் பீசுக்குப் போட்டுக்கினு கீது. அத இன்னாத்துக்குத் தண்ணில போட்டு முக்குற?"

அடையாறு போய்ச் சேர்வதற்குள், பழைய வார்த்தையை அடித்துவிட்டு 'கடன் உண்டியல்' என்று எழுதிவிட்டேன். மேடம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தலைவியைக் கூப்பிட்டு, வெற்றி வீரனாகப் படித்துக் காட்டினேன்.

"உண்டியலா? இப்ப புரியுது. பணம் எங்கருந்து வரும்?"

"நீங்க கட்டுற தண்ணி வரியிலிருந்து."

"சரி. சாவி யாராண்ட இருக்கும்?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு மேடத்திடம் கேட்டேன். மேடம் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அம்மா, அது நெஜ உண்டியல் இல்ல. பேங்க் கணக்கு."

"தெரியும் சார். மகளிர் குழுவுல பாஸ்புக் வெச்சிருந்தவதான் நான். எடுக்கணும்னா யாராச்சும் கையெழுத்துப் போடணும் இல்ல? அதுல எங்க ஏழு ஊருக்காரங்கள்ல ஒருத்தரு இருக்கணும். எழுதி அனுப்புங்க. நான் தீர்மானம் போட வெக்கிறேன்."

கடன் கொடுப்பவர், உத்தரவாதம் தருபவர், வாங்குபவர், தேக்கம் கட்டுபவர் என்று எத்தனை பேரிடம் ஆலோசகர் போனில் பேசினார் என்று எனக்குத் தெரியாது. யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். சாயங்காலம் சரி என்றார்கள். 'உண்டியலின் சாவி' என்று தலைப்புப் போட்டு, கிராமத்துப் பிரதிநிதியின் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்று டைப் அடித்து அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் தீர்மானம் போட்டோவாக வந்தது. நிறைவேறிவிட்டது. கீழே கையெழுத்துகளும், நாலைந்து கைநாட்டும்.

"மத்த ஆறு ஊருக்கும் புது நாலாம் பக்கத்தை அனுப்பிடுங்க" என்றார் மேடம்.

"அவங்கதான் படிக்கவே இல்லையே மேடம்."

"சாவின்னு தலைப்புப் போட்டிருக்கீங்கள்ல? இப்பப் படிப்பாங்க. முதல் பக்கத்திலிருந்தே படிப்பாங்க."

மூன்றாம் பக்கத்தில் 'கிரேஸ் பீரியட்' என்பதைக் 'கருணைக் காலம்' என்று எழுதியிருந்தேன். யார் யாருக்குக் காட்டும் கருணை என்று எனக்கே தெரியாது. மறுபடியும் பசிக்க ஆரம்பித்தது.