பச்சத் தண்ணியில அலசுடி

எனக்கு எழுபத்தெட்டு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவ. மூணாம் வகுப்போட நின்னதால எழுத்துக் கூட்டித்தான் எழுதுறேன். ஆனா எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதுறேன்.

பேத்திக்குப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. மகன் துபாயில இருக்கான். சேர்க்கைத் தாளுல கையெழுத்துப் போட வேண்டியது மருமகள். போடவே மாட்டேன்னுட்டா. போன ஞாயித்துக்கிழமை என்னையும் பேத்தியையும் புதுக்கோட்டைக்கு ஒரு யுத்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனதும் அவதான். ரத்தமும் சதையும் அப்படியே காட்டுறாங்களாம். பார்த்தா மகள் பயந்து மனசு மாறிருவாளாம்.

"நீங்களும் வாங்கத்தை. பார்த்துட்டு நீங்களே வேணாம்பீங்க."

முதல் குண்டு வெடிச்சதும் கண்ணைப் பொத்திக்கிட்டது மருமகள்தான். பேத்தி கடலை கொறிச்சுக்கிட்டே பார்த்தா. நானும் கண்ணை எடுக்கலை. எங்க கருப்பர் கோயில் கிடாவெட்டுல யாரும் யார் கண்ணையும் பொத்துனதில்லை. ஒரே குறை, படத்துல ரத்தம் கடைசி வரைக்கும் செக்கச்செவேல்னே இருந்துச்சு. நெஜ ரத்தம் கொஞ்ச நேரத்துல கறுத்துரும். துணி கஞ்சி போட்ட மாதிரி வெறைச்சுக்கும்.

அப்புறம் ஒரு நர்ஸ் பொண்ணு ரத்தத் துணியை அள்ளி நேரா கொதிக்கிற தண்ணியில போட்டா. எனக்குப் பொறுக்கலை.

"அடியே, மொதல்ல பச்சத் தண்ணியில அலசுடி! வெந்நியில போட்டா கறை போகவே போகாது!"

கொட்டகையே சிரிச்சுச்சு. பின்னாடி இருந்து ஒருத்தன், "ஆத்தா, அந்தப் பொண்ணுக்குக் கேக்கலையாம், இன்னும் சத்தமா!"ன்னான். மருமகள் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. இந்தத் தடவை பயத்துல இல்லை, வெக்கத்துல.

திரும்பி வர்ற பஸ்ஸுல மருமகள் கேட்டா. "இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித்தை தெரியும்?"

"ஒங்க மாமா பட்டாளத்துல இருந்தப்ப எல்லையில தொடையில குண்டு பட்டுச்சு, எடுத்துட்டாங்கன்னு மட்டும்தானே சொல்லியிருக்கோம்? ஊருக்கு வந்த பெறகு ஏழு வருஷம் அதுல சீழ் வடிஞ்சுச்சு. பிள்ளைக எந்திரிக்குமுன்ன கிணத்தடியில கட்டுத்துணி அலசிப் போட்டவ நான்."

மருமகள் சுருக்குன்னு கேட்டா: "நீங்க பட்டது பத்தாதா? எம்மகளும் படணுமா?"

"நான் தெரியாமச் செஞ்சேன்டி. வைத்தியம் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தி பக்கத்துல இருந்திருந்தா ஏழு வருஷம் ஆகியிருக்காது."

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

படத்துல ரத்தத்தைக் காட்டலாமான்னு கேட்டா, தாராளமாக் காட்டட்டும்னுதான் சொல்லுவேன். ஆனா குண்டு வெடிக்கிறதை அம்புட்டு நேரம் காட்டுறவங்க, அந்த ஏழு வருஷத்துல ஒரு விடியக்காலையாவது காட்டணும். நானே அதைப் பிள்ளைகளுக்குக் காட்டாம மறைச்சவதான். அதைப் பெருமைன்னு நெனச்சிருந்தேன். தப்பு.

அந்தத் தாளு இன்னும் கையெழுத்தில்லாம பிரிட்ஜ் மேலதான் கெடக்கு. மருமகள் அடுப்படியில இருக்கா.

ஏடி பேத்தி, இங்கிட்டு வா. இதை மொதல்ல இருந்து வாசி. அடுப்படியில ஒங்கம்மாவுக்குக் கேக்கணும். எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்க. பச்சத் தண்ணியை மட்டும் மாத்தாத.