மூக்குக்கு மேல எல்லாரும் ஒண்ணு

மொதல்ல எல்லாரும் பின்மண்டைய ஒரு தபா தடவிப் பாருங்க. காதுக்கு மேல ரெண்டு பக்கமும் ரெக்க மொளச்சிருக்கா? காலர்ல முடி உரசுதா? தெரியும் எனக்கு. கேட்டா "அடுத்த வாரம் வெட்டணும்பா"ன்னு சொல்வீங்க. உங்களோட அந்த அடுத்த வாரத்த நம்பித்தான் பழவேற்காடு பஜார்ல ரெண்டு சேர் போட்டு, ரெண்டு கண்ணாடி மாட்டி, நான் ஈ ஓட்டிக்கினு இருக்கேன். சலூன் தொழில்னா முடி வெட்றதுன்னு நெனச்சிக்காதீங்க. முடி வெட்டாததுக்கு ஊரு சொல்ற காரணத்த எல்லாம் கேட்டுக்கினு "சரிண்ணே"ன்னு தலையாட்றதுதான் தொழிலு. கடை வெச்சு நொந்துபோனவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

நான் கடக்கரைக் குப்பத்துல பட்டினவர் வூட்டுப் பையன். நைனா கடலுக்குப் போறவரு. என்னை பொன்னேரி பாலிடெக்னிக்ல சேத்தாரு. ரெண்டாவது வருசம் அரியரு என்னவிட ஒசரமா வளந்திடிச்சி, நின்னுட்டேன். அப்பால ராயபுரத்துல ஒரு சலூன்ல கூட்டிப் பெருக்கற வேலைக்குப் போயி, கத்திரி புடிக்கக் கத்துக்கினு வந்தேன்.

ரெண்டாவது சேரு ஏழுமலை அண்ணனோடது. அம்பது வயசு தாண்டின ஆளு. அவங்க சமூகத்த மருத்துவர்னு சொல்லணும். எங்க குப்பத்துல வேற வார்த்த சொல்வாங்க, அத நான் இங்க எழுத மாட்டேன். குப்பத்துல முடி வெட்றது, மாப்பிள்ளைக்கு சவரம், சாவு வுழுந்தா புள்ளைங்களுக்கு மொட்ட, எல்லாம் அவங்க அப்பாவுக்கு அப்புறம் இவருதான். நான் கடைக்குக் கூப்ட்டப்போ ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு. "சேர்ல வந்து குந்தறவன் முடிய வெட்றேன் தம்பி. சாவு வூட்டுக்கு இனிமே போவ மாட்டேன். எவன் வந்து கூப்ட்டாலும் நீதான் பதில் சொல்லணும்." நான் மார்ல கைய வெச்சி, "அத என்கிட்ட வுட்ருண்ணே"ன்னு வாக்கு குடுத்தேன். எனக்கு வாயி நீளம்னு ஊருக்கே தெரியும். அத நம்பித்தான் அவரு வந்தாரு.

அந்தோணி அண்ணன் முடி

போட் இஞ்சின் ரிப்பேர் பண்ற அந்தோணி அண்ணனுக்கு முடின்னா முடி, அப்பிடி ஒரு முடி. ஒரு நாள் கடைய எட்டிப் பாத்து, "தம்பி, தவக்காலம் ஆரம்பிச்சிடிச்சி, நாப்பது நாள் கை வெக்கக் கூடாது. ஈஸ்டர் முடிஞ்சதும் மொத ஆளா வரேன்"னாரு. சரிண்ணே. ஈஸ்டரும் முடிஞ்சிது. ஆளக் காணோம். ரோட்ல புடிச்சிக் கேட்டா, "வூட்ல மாசமா இருக்குப்பா. பொண்டாட்டி மாசமா இருந்தா புருசன் முடி வெட்டக் கூடாது இல்ல"ன்னாரு. "அது எங்காளுங்க பழக்கம்ணே, பைபிள்ல கூடவா இருக்கு?"ன்னேன். "பைபிள்ல இல்ல, மாமியா கிட்ட இருக்கு"ன்னு போய்ட்டாரு. சரிண்ணே.

நடுவுல கார்த்திகை வந்து எங்காளுங்க பாதி பேரு மாலை போட்டு தாடி வுட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி பக்ரீதுக்கு குர்பானி குடுக்கற பாய்ங்க பத்து நாளு முடி, நகம் எதுலயும் கை வெக்கல. செவ்வா, வெள்ளி, அமாவாசைன்னா எங்காளுங்க வரமாட்டாங்க. நானும் ஏழுமலை அண்ணனும் ஒருத்தர் தலைய ஒருத்தர் வெட்டி கைப்பழக்கம் வுட்டுப் போவாம பாத்துக்கினோம். இதெல்லாம் தாண்டி அந்தோணி அண்ணனுக்குக் கொழந்த பொறந்திச்சி. தோள் வரைக்கும் முடி. மெஷினுக்கு எண்ணெ போட்டு வெச்சேன். ரெண்டு வாரம் கழிச்சி பளபளன்னு மொட்டையோட வேளாங்கண்ணி பஸ்லேருந்து எறங்கறாரு. என் மூஞ்சியப் பாத்ததும் பக்கத்துல வந்து தோள்ல கை போட்டு சொன்னாரு: "கோச்சிக்காத தம்பி, மாதா உனக்கு முன்னாடியே சொல்லி வெச்சிட்டாங்க."

மாரி மாமாவுக்குப் பல்லு வலி

ஏழுமலை அண்ணன் ஒரு கணக்கு வெச்சிருக்காரு. மூக்குக்கு மேல எல்லாரும் ஒண்ணு, மூக்குக்குக் கீழதான் பிரச்சினை. எங்க குப்பத்து ஆளுக்கு தாடிய எடுக்கணும், மீசையத் தொடக் கூடாது. பாய்க்கு தாடியத் தொடக் கூடாது, மீசைய ஒட்ட வெட்டணும். ஒரே மூஞ்சி, ரெண்டு இஞ்சு தூரத்துல ரெண்டு சட்டம். கை மாறிச்சின்னா கலவரம்.

ரம்ஜானுக்கு மொத நாளு. காலையிலேருந்து பாய்ங்க கூட்டம். பதிமூணு பேருக்கு ஒரே மாதிரி போட்டுப் போட்டு கை தானா ஓட ஆரம்பிச்சிடிச்சி. பதினாலாவதா எங்க குப்பத்து மாரி மாமா. ஒரு வாரத் தாடி. கடல்லேருந்து நேரா வந்தவரு, "தாடிய எட்றா"ன்னு சேர்ல சாஞ்சாரு, அப்பிடியே தூங்கிட்டாரு. நான் பின்னாடி பெஞ்சில இருந்தவங்க கிட்ட வாய் அடிச்சிக்கினே வேலைய முடிச்சி, துணிய ஒதறினேன். பக்கத்து சேர்லேருந்து சீப்பு கீழ வுழுந்த சத்தம் கேட்டிச்சி. ஏழுமலை அண்ணன் கையிலேருந்துதான். மாமா கண்ண முழிச்சி கண்ணாடியப் பாத்தாரு. தாடி அழகா ஒதுக்கி அப்பிடியே இருக்கு. மீசை இருந்த எடத்துல மேல் ஒதடு இருக்கு. "இவரு யாருடா?"ன்னு என்னயக் கேட்டாரு.

தாடிய எடுத்துட்டேன். மீசைய எங்கேருந்து கொண்டாறது? வாயச் சுத்தி துண்டக் கட்டிக்கினு போனாரு. மீன் ஏலம் போடற எடத்துல ஒரு வாரம் எல்லார் கிட்டயும் பல்லு வலின்னு சொல்லிக்கினு இருந்தாராம். எட்டாவது நாளு அவரு சம்சாரம் கடைக்கு வந்திச்சி. நான் பின்னாடி ஸ்கிரீனுக்குள்ள போய் நின்னுட்டேன். ஸ்கிரீனைப் பாத்தே அத்தை சொன்னாங்க: "டேய், அடுத்த தபாவும் அதே மாதிரி எடுத்து அனுப்பு. கல்யாணம் ஆயி இருவது வருசத்துல இப்பத்தான் மூஞ்சி முழுசா தெரியிது."

யாரு வூட்டுப் புள்ள

என்னை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு யாருக்கும் புரியல. பஜார்ல பெரிய வூட்டுப் பாய் ஒருத்தரு, தாத்தா காலத்துல கப்பல் வெச்சி வியாபாரம் பண்ணவங்க. என் சேர்ல குந்தி, கழுத்துல துணி கட்டினதுக்கு அப்புறம் விசாரிச்சாரு. "வாப்பா எந்தக் கடையில வெட்றாரு?" எங்க நைனா வெட்றது கடல்லதான் பாய், அதுவும் சுறாவத்தான்னேன். கத்திரி பட்ட மாதிரி எழுந்துட்டாரு. கழுத்துத் துணியோட அப்பிடியே ஏழுமலை அண்ணன் சேருக்கு மாறிட்டாரு. இதுக்குன்னு பொறந்தவன் கையிதான் கையாம். நைனாவுக்கு அதவிட வெக்கம். கடை தொறந்த நாள்லேருந்து உள்ள கால வெக்கல. பஜாருக்கு வந்தா எதிர்த்த சைடுல போவாரு. சவரம் பண்ண பொன்னேரிக்கு பஸ்சு ஏறுவாரு. சைடு மாறறதுல நைனாவும் பாயும் ஒரே மதம்.

ஆனா பசங்க எல்லாம் என் சேருதான். ஃபேடு, லைனு, கலரு. என்னை ப்ரோன்னு கூப்புடுவானுங்க. ஒரு நாளு எங்க குப்பத்துப் பையன், இன்னும் மீசை கூட சரியா வரல, என் சேரு காலி இல்லன்னு பாத்துட்டு, "ஏய் ஏழுமல, வந்து ஷேவ் பண்ணு"ன்னான். எனக்குக் கோவம் வந்திச்சி. "வயசுக்கு மரியாத குட்றா"ன்னு கத்தினேன். அவன் ஒண்ணும் புரியாம முழிச்சான். "நான் இன்னா தப்பா பேசினேன் ப்ரோ, எங்க நைனா அப்பிடித்தான கூப்புடுவாரு?" ஏழுமலை அண்ணன் அவனுக்கு சோப்பு தடவி, ஷேவ் பண்ணி, மூஞ்சி தொடச்சி அனுப்பினாரு. அப்பால என் பக்கம் திரும்பி, சிரிச்சிக்கினேதான் சொன்னாரு: "நீ சீப்பு எடுத்தா இஷ்டைலு. நான் எடுத்தா சாதி. நீ இன்னாத்துக்கு தம்பி தொண்டத் தண்ணி வத்தக் கத்தற?"

சஹன்ல ஓரம்

கயிறு, வலை விக்கிற காசிம் பாய்க்குப் பேரன் பொறந்தான். அவங்க வூட்ல ஏழாம் நாளு மொட்ட அடிச்சி பேரு வெப்பாங்க. பச்சக் கொழந்த தலையில கை வெக்க எனக்கு தில்லு கெடையாது. ஏழுமலை அண்ணந்தான். கூட நான் துண்டு புடிக்கப் போனேன். கொழந்த அழவே இல்ல. இவரு கை பட்டதும் கொட்டாவி வுட்டுத் தூங்கிடிச்சி.

வேல முடிஞ்சதும் அண்ணன் பைய எடுத்துக்கினு பின்பக்கமா நடந்தாரு. எங்க குப்பத்துப் பழக்கம் அது. அங்க இவருக்கு சோறு பின்வாசல்ல, இவரு கொண்டாந்த பாத்திரத்துல. காசிம் பாய் கையப் புடிச்சி நடு வூட்ல ஒக்கார வெச்சாரு. சஹன்னு பெரிய தட்டு. நாலு பேரு சுத்திக் குந்தி ஒரே தட்டுல சாப்புடணும். பாய், அவரு மருமகன், நானு, அண்ணன். என்னக் கேக்கவே வேணாம், தோண்ட ஆரம்பிச்சிட்டேன். அண்ணன் மட்டும் தனக்கு நேரா தட்டு ஓரத்துல இருக்கற வெறும் சோத்த நாலு நாலு பருக்கையா எடுத்து வாயில வெக்கறாரு. அடுத்தவங்க பக்கத்து சோத்துல வெரல் பட்ருமோன்னு பயம். பாய் ரெண்டு தபா பாத்தாரு. மூணாவது தபா ஒரு பெரிய கறித் துண்ட அவரு பக்கம் தள்ளிட்டு சொன்னாரு: "ஏழுமலை அண்ணே, ஆடு நடுவுல கீது, நீங்க இன்னாத்துக்கு ஓரத்துலயே மேயிறீங்க?"

நைனா உள்ள வந்தாரு

ஒரு செவ்வாக்கெழம. கடையில ஈ கூட இல்ல. ஏழுமலை அண்ணன் சீப்பெல்லாம் கழுவிக்கினு இருந்தாரு. நிமிந்து பாத்தா வாசல்ல நைனா. செருப்ப கழட்டறாரு. உள்ள கால வெக்கறாரு. அவருக்குன்னே ஒரு புது வெள்ளத் துணி மடிச்சி வெச்சிருந்தேன், யாருக்கும் சொன்னதில்ல. அத ஒதறி, சேரத் திருப்பி, "குந்து நைனா"ன்னேன்.

நைனா என்னப் பாக்கவே இல்ல. "ஏழுமல, நம்ம தலைவரு போய்ட்டாரு. மூணு புள்ளைங்களுக்கும் மொட்ட அடிக்கணும். பொறப்படு"ன்னாரு. தலைவருன்னா எங்க குப்பத்துக்கே பெரியவரு, ரொம்ப நாளா படுக்கையில இருந்தாரு. ஏழுமலை அண்ணன் நிமிந்தாரு. கண்ணாடியில என்னப் பாத்தாரு. சரி, வாக்கு குடுத்தாச்சி. "நைனா, அண்ணன் இப்போ சாவுக்கெல்லாம் போறதில்ல"ன்னேன். சத்தம் எனக்கே சரியாக் கேக்கல.

"அப்போ யாரு அடிப்பா, நானா?"ன்னாரு நைனா.

ஏழுமலை அண்ணன் கழுவின சீப்ப வரிசையா வெச்சிக்கினே சொன்னாரு. "தம்பியும் நல்லா மொட்ட அடிக்கிது. கூட்டினு போங்க."

நைனா மொகம் செவந்திடிச்சி. அண்ணன் கிண்டலா சொல்லல, உள்ளதத்தான் சொன்னாரு. மெஷின் இருக்கு. மூணு தல. அரமணி நேர வேல. அந்தோணி அண்ணன் கேட்டிருந்தாலோ காசிம் பாய் கேட்டிருந்தாலோ இந்நேரம் வண்டிய ஸ்டார்ட் பண்ணியிருப்பேன். எங்க குப்பத்துல, எங்க ஆளுங்க எல்லாரும் நிக்கிற எடத்துல, சாவுக்கு சவரம் பண்ணிக்கினு நான் குந்தியிருக்கறத நெனச்சிப் பாத்தேன். இத்தினி நாளு யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டவங்களுக்கு எல்லாம் நக்கலா பதில் சொன்ன வாயி, அன்னிக்கு நக்கல் இல்லாம பேசிச்சி. "அண்ணே, இந்த ஒரு தபா நீயே போய்ட்டு வந்துருண்ணே. நான் போனா ஊர்ல நல்லாருக்காது."

ஏழுமலை அண்ணன் பைய எடுத்தாரு. பையில கத்திய வெச்சாரு, சட்ட பட்டன் போட்டாரு. வாசல்ல செருப்பு மாட்டும்போது மட்டும் திரும்பிப் பாத்தாரு. "வுடு தம்பி, இன்னிக்குத்தான் நீ உங்க நைனா மாதிரி பேசற."

கருமாதி எல்லாம் முடிஞ்சதும் நைனா திரும்ப வந்தாரு, அந்தப் புதுத் துணியக் கட்டிக்கினு என் சேர்ல குந்தினாரு, பையன் கை நல்லாத்தான் கீதுன்னு பக்கத்து சேர்ல இருந்த ஏழுமலை அண்ணன் கிட்டயே சொன்னாரு. எல்லாருக்கும் என்னால ஒரு நல்ல காரியம் நடந்திச்சின்னு வெச்சிக்கலாம், இன்னா ஒண்ணு, போவ வேணாம்னு வாக்கு குடுத்தவனும் நான்தான், அதுக்கு அப்புறம் குப்பத்துல வுழுந்த ரெண்டு சாவுக்கும் அவர ஒரு வார்த்த கேக்காம "நீங்க போங்க, அண்ணன் பின்னாடியே வருவாரு"ன்னு சொல்லி அனுப்பினவனும் நான்தான்.