வெறும் வயிறு

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் சொல்லாமல் பெஞ்சுமேல் ஏறி நின்றவள் நான். இந்தக் குணத்தால் எனக்குப் பல நஷ்டங்கள் வந்ததுண்டு. அதெல்லாம் என்னோடு போகட்டும். இன்னொருத்திக்கு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவோடு சேர்த்து மூன்று தெருக்கள் என் பொறுப்பு. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, போடுகிறார்களா என்று வாரம் ஒரு முறை பார்த்து எழுத வேண்டும். என்னைப்போல் தெருக்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஊட்டச்சத்து நிபுணர் வருவார். மேடம் என்று கூப்பிடுவோம். என் மகள் வயதுதான் இருக்கும், கோபமே வராது. "ஆராய்ச்சி பேப்பர்லயே கெடந்தா யாருக்கும் ரத்தம் ஏறாதும்மா. நீங்கதான் அதுக்குக் கை, கால்" என்பார். வாய் என்று சொல்லாததில் எனக்கு ஒரு நிம்மதி.

டீயும் காபியும் மாத்திரையின் சத்தை உடம்பில் சேரவிடாது என்று முதல் பயிற்சியிலேயே திரையில் படம் போட்டுக் காட்டினார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். ஆனால் வீடுகளுக்குக் கொடுக்க அச்சடித்து வந்த சீட்டில் மூன்று வரிதான் இருந்தது. தினமும் போடவும். தண்ணீரில் போடவும். வெறும் வயிற்றில் போடவும். வெறும் வயிறு என்றாலே டீயும் இல்லை என்றுதானே அர்த்தம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் டீயை யாரும் வயிற்றுக்கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருத்தி இருந்தாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் போய்க்கொண்டே இருக்கும். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் ரத்தம் ஏறினால்தான் செய்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தச் சிவப்பு மாத்திரையை அவள் ஒரு நாள்கூட விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில், அவளுடைய கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் போவேன்.

"இன்னாக்கா, போலீஸ்காரி மாதிரி வந்து குந்திக்கினியா? எண்ணிக்கோ. ஒண்ணு கொறஞ்சா என்னைக் கேளு."

"வெறும் வயித்துலதானே போடற?"

"பின்ன? எனக்கு குந்தி நாஷ்டா துன்ற நேரமா கீது? ஒரு வாய் டீதான். இந்தா, உனக்கும் பாதி."

டீயைக் குடித்த கையோடு மாத்திரையைத் தண்ணீர் விட்டு விழுங்குவாள். அவள் தந்த பாதி டீயைக் குடித்துக்கொண்டே, அவளுடைய நோட்டில் 'போடுகிறார்' என்ற கட்டத்தில் நான் டிக் அடிப்பேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சமாவது ஏறியிருந்தது. அவளுக்கு அப்படியே இருந்தது. கூட்டத்தில் மேடம் பட்டியலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவங்க மாத்திரை போடலம்மா. அட்டையப் பிரிச்சு வெளிய போட்டுடுவாங்க, எங்கேயும் நடக்கறதுதான். உங்க மேல தப்பில்ல. நோட்டுல மட்டும் திருத்திடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைப் பாதி தூக்கினேன்.

"மேடம்... டீ..."

"வந்துக்கிட்டே இருக்கும்மா, பத்தே நிமிஷம்."

அறையே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளி, "இன்னாமே, அதுக்குள்ள பசியா?" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையை இறக்கி, மூன்று மாதத்து டிக்குகளையும் கோடு போட்டு அடித்துவிட்டு, 'போடவில்லை' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். டீ வந்தது. குடித்தேன்.

அன்று சாயங்காலமே அவளிடம் போய், டீக்கும் மாத்திரைக்கும் இடையில் நல்ல இடைவெளி வேண்டும் என்று சொன்னேன். "அட, டீயெல்லாம் ஒரு ஆகாரமாக்கா? இத மொதல்லயே சொல்ல மாட்ட?" என்றாள். நோட்டில் திருத்தியதைச் சொல்லவில்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் அந்த நோட்டை என்னிடம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

திரும்பி வந்தவள் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் மாத்திரையே போடலையாம்க்கா. 'ஆபரேஷன் மட்டும் வேணும், மாத்திரை போட வலிக்குதா'ன்னு டாக்டரு அத்தினி பேர் எதிர்ல கேக்கறாரு. மொதல்ல ஒழுங்கா மூணு மாசம் போட்டுட்டு வான்னு தொரத்திட்டாங்க." நோட்டைப் பிரித்து நீட்டினாள். "இது உன் கையெழுத்துதானே?"

தலையை ஆட்டினேன்.

"உன் கண்ணு எதிர்லதானேக்கா முழுங்கினேன்?"

கூட்டம் ஏதும் இல்லை. வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதும் எனக்குப் பேச வரவில்லை.

டாக்டர் சொன்ன அந்த மூன்று மாதத்தில் கம்பெனியில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். இரண்டாவது முறைக்குப் பிறகு, அவளை ஏற்றிக்கொள்ள வண்டி எங்கள் தெருமுனைக்கு வருவதில்லை. டீயைத் தள்ளி வைத்ததில் ரத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "மாத்திரையே போடாத ஒருத்தரைப் பேசிப் பேசியே போட வச்சிருக்காங்க. இதுதான் நம்ம வேலை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தேன். வீடுகளுக்குக் கொடுக்கும் சீட்டில் இன்றைக்கும் அந்த மூன்று வரிதான் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையும் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. டீ தரவில்லை. என் எதிரில் வந்து நின்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்கினியா? எழுதிக்கோ."