குரல் நின்றால் அவரும் நிற்பார்

பார்வையுள்ளவன் பார்வையில்லாதவர்மீது மோதினான், வெளியேற்றப்பட்டவர் பார்வையில்லாதவர். ஏன்? எனக்கு விடை தெரியாது.

வியாழக்கிழமை காலை சாந்தினி அக்காவின் தம்பி பஹ்ரைனின் ஈசா டவுனிலிருந்து அழைத்தார். உறக்கத்திலேயே மாரடைப்பு, அக்கா போய்விட்டார் என்றார். எனக்குத் துக்கம் வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். துபாயின் ஜெபல் அலியில் எங்கள் அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் இருந்தார். நாற்பது வயதுக்குமேல் பார்வை முற்றிலும் போயிற்று. அதன் பிறகுதான், வணிக வளாகத்துக்குள் இருக்கும் செயற்கைப் பனிச்சரிவில் சறுக்கக் கற்றுக்கொண்டார். "உச்சியில நிண்டு கீழ பாத்தா நானும் பயந்திருப்பன். பாக்கேலாது, அதால தப்பிச்சன்" என்பார்.

நான் அவருடைய வழிகாட்டி. இருவரும் ஆரஞ்சு மேலங்கி அணிந்திருப்போம். அவருக்குப் பின்னால் சறுக்கியபடி "இடது, வலது" என்று விடாமல் சொல்லிக்கொண்டே வரவேண்டும். என் குரல் நின்றால் அவரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்; அதுதான் முறை. முதல் முறை பயத்தில் எனக்கு வாயடைத்துப் போனது. சரிவின் நடுவே நின்று திரும்பினார்.

"பயமெண்டா பயமெண்டு சொல்லும். வாயை மட்டும் மூடாதேயும்."

போன கோடையில், கைபேசியில் தன்னைப் படமெடுத்தபடி வந்த ஓர் இளைஞன் அவரை இடித்துத் தள்ளினான். சறுக்குத் தளத்தின் மேலாளர் அவனை நலம் விசாரித்து அனுப்பினார். அக்காவிடம், உங்கள் பாதுகாப்புக்காக இனி அனுமதியில்லை என்றார்.

"இடிச்சவனுக்குத்தானே கண் இருக்கு. அவனை ஏன் விட்டனீங்கள்?"

மேலாளர் வாசல் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் போனோம். எங்களுக்காக மேலாளரிடம் பேசச் சொன்னோம். "எதுக்கும்மா வம்பு? வேலை குடுத்த கஃபீல் காதுக்குப் போனா விசாவுல கை வைப்பான். கலாஸ், முடிஞ்சுபோச்சு, விட்டுருங்க" என்றார். கண் தெரியாதவருக்கு இந்த விளையாட்டு தேவையா என்று என்னிடம் தனியாகவும் கேட்டார். அக்காவின் சறுக்குக் காலணிகள் அவர் வீட்டு வாசல் கதவோரமே இருந்தன. பார்க்கப் போகும்போதெல்லாம், எப்போது திரும்பப் போகலாம் என்றுதான் கேட்பார். கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லை மட்டும்தான்: வாயை மூடாதேயும்.

மறுநாள் சங்க மண்டபத்தில் இரங்கல் கூட்டம். தலைவர் அக்காவைத் தன்னம்பிக்கையின் சிகரம் என்றார். பிறகு எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். எழுந்தேன். மோதியவன் யார், தடுக்கப்பட்டவர் யார், விட்டுருங்க என்றவர் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். "அப்புறம் பேசலாம்மா" என்றார் தலைவர். அந்த நிமிடம் முடியும்வரை நான் நிறுத்தவில்லை.