விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

எங்கள் பேராலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து, "யப்பா, என்ன உயரம்!" என்று வாயைப் பிளந்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த உயரம் எப்படி விழாமல் நிற்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. என் அண்ணனுக்கு மட்டும் முப்பது வருஷமாக அதே கவலைதான். அவர் அங்கே கொத்தனார். நான் கூட்டிப் பெருக்குகிறவள்.

நூற்று நாற்பது வருஷம் கட்டினார்களாம். பீடத்துப் பக்கம் முடிவதற்குள், தொடங்கிய கொத்தனார்களின் பேரன்களுக்கே நரைத்துவிட்டதாம். நடுவில் கொள்ளைநோய் வந்து ஆட்களை வாரிக்கொண்டு போனதில் வடக்குக் கோபுரம் இன்றைக்கும் குட்டையாகவே நிற்கிறது.

"சுவத்துல பாதி ஜன்னல்தான். மேல அத்தனையும் கல்லுக்கூரை. அது சுவத்த வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். வெளிப்பக்கம் வளைஞ்சு நிக்குதே கல்லு, அதுதான் முட்டுக் கொடுக்குது. அதுல ஒண்ணு அசந்துச்சுன்னா மொத்தமும் காலி." சாப்பிடும்போதும் இதே பேச்சு. அண்ணி காதைப் பொத்திக்கொள்வாள்.

தெற்கே நான்காவது தூணுக்கு மேலே, கூரையைத் தாங்கி விலா எலும்புபோல் வளைந்து இறங்கும் கல் விலா சுவரில் ஊன்றும் இடத்தில் ஒரு விரிசலைக் கண்டார். விரல் அகலக் கண்ணாடித் துண்டை அதற்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சாந்து அப்பி, தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் கணக்கு. நான்காம் மாதம் உடைந்தது.

அலுவலகத்தில் அவருக்கு 'விரிசல்' என்றே பெயர். "விரிசல் வர்றாருப்பா, நாற்காலிய கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று நிர்வாகி சிரிப்பார். நான்கு கடிதம் எழுதிய பிறகு, போனால் போகிறதென்று ஓர் இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் வருவதற்கு முதல் நாள் அண்ணன் கல் பார்க்கக் குவாரிக்குப் போயிருந்தார்.

நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். "பெரிய மனுஷன் வர்றாரும்மா. மேல உடைஞ்ச கண்ணாடியும் தூசியுமா கிடக்கு. பெருக்கிட்டு வேற கண்ணாடி ஒண்ணு ஒட்டிடு."

ஒட்டினேன்! இருநூற்றுப் பன்னிரண்டு படி மூச்சிரைக்க ஏறிப்போய், அண்ணனுடைய பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்து, அவரைப் போலவே சாந்து அப்பி ஒட்டினேன். வருகிறவர் விரிசலைத்தானே பார்ப்பார், கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பெருக்குகிறவளின் புத்தி பெருக்குவதோடு நின்றுவிட்டது.

மறுநாள் துடைப்பத்தோடு மேலேதான் நின்றேன். இன்ஜினியர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "முழுசாத்தானே இருக்கு? சுவரு அசையவே இல்லையே. எதுக்கு என்னை அலைய விட்டீங்க?"

"சார், இது நான் வச்சது இல்ல. தேதியே இல்ல, பாருங்க!" என்றார் அண்ணன்.

"வேற யாரு வந்து வச்சா? நானா?" என்றார் நிர்வாகி. சொல்லிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அண்ணனும் கண்ணாடியைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், இந்த வேலையும் போனால்? நான் தரையைப் பெருக்கினேன். சுத்தமாக இருந்த தரையை.

அடுத்த வாரமே அண்ணனை வாசலில் உட்கார்த்தி, வருகிறவர்களின் குடையை வாங்கி வைக்கச் சொன்னார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் அந்த விலாவிலிருந்து ஆளளவு கல் ஒன்று விழுந்து நான்கு பெஞ்சுகளை நொறுக்கியது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. விசாரணை நடத்தி, 'முன்னாள் கொத்தனாரின் அலட்சியம்' என்று எழுதிப் பூசி மெழுகினார்கள். பழுதுபார்த்த பிறகு பளிங்குக் கல்லில் நிர்வாகியின் பெயரைப் பொறித்தார்கள். அந்தக் கல்லைத் தினமும் துடைப்பது யார்? நான்தான்.

அண்ணன் படுத்த படுக்கையான பிறகுதான் எனக்கு வாய் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். "அண்ணே, அந்தக் கண்ணாடிய மாத்தினது நான்தாண்ணே."

"தெரியும். சாந்துல உன் விரல் பதிஞ்சிருந்துச்சு. வெட்டுப்பட்ட விரலாச்சே, எனக்குத் தெரியாதா?"

"அப்பவே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.